மணலிக்கு வந்த மன்னர் மெட்டு: நாட்டுப்பண்ணின் வரலாற்றைக் காட்சிக்கு வைப்பது எப்படி?

சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு கொடி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் அந்தக் கோட்டைக் கொடிமரத்தில் ஏறிய மூவண்ணக் கொடி அது. பட்டுத் துணி, 12 அடி நீளம், 8 அடி அகலம். பல ஆண்டுகள் உள்ளே பத்திரமாக இருந்துவிட்டு 2013 குடியரசு நாளன்றுதான் மக்கள் பார்வைக்கு வந்தது. கொடியைக் காட்சிக்கு வைப்பது எளிது. வெளிச்சத்தைக் குறைத்து, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, கண்ணாடிக்குள் வைத்தால் போதும். பாட்டை என்ன செய்வது? கொடியோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு தேசிய அடையாளமான நாட்டுப்பண்ணுக்குத் துணியும் இல்லை, நூலும் இல்லை. அதனால் நாட்டுப்பண் பற்றிய கண்காட்சிகள் பெரும்பாலும் ஒரே வழியில் போய்விடுகின்றன: கவிஞரின் படம், கையெழுத்துப் பிரதியின் நகல், அமுக்கினால் பாடும் ஒரு பொத்தான். ‘வந்தே மாதரம்’ எழுதப்பட்டு 150 ஆண்டுகள் ஆனதையொட்டி 2025 நவம்பர் 7 முதல் நாடெங்கும் விழா எடுக்கப்படுவதால், இந்த வழக்கத்தைக் கேள்வி கேட்க இது பொருத்தமான சமயம். பாட்டு கவிஞரின் மேசையில் பிறக்கிறது. நாட்டுப்பண்ணை அதற்குப் பிறகு பலர் சேர்ந்து செய்கிறார்கள். மெட்டைக் கடன் வாங்கியவர், சுரம் எழுதியவர், அடிகளை நீக்கியவர், வாத்தியக் குழுவுக்கு ஏற்றபடி மாற்றியவர், எத்தனை நொடி என்று ஆணையிட்டவர் என எல்லோருக்கும் அதில் பங்குண்டு. கண்காட்சி காட்ட வேண்டியது இவர்களைத்தான். இதற்கான சான்றுகளில் மிகப் பழைய ஒன்று வடசென்னையிலேயே கிடைக்கிறது.

இன்றைக்கு மணலி என்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும்தான் நினைவுக்கு வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் அது கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த முத்துக்கிருஷ்ண முதலியாரின் ஊர். அவர் அழைப்பின் பேரில் ராமசாமி தீட்சிதர் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு மணலிக்கு வந்தார். அவருடைய மூத்த மகன்தான் 1775இல் பிறந்த முத்துசாமி தீட்சிதர். மணலி முதலியார் குடும்பத்தின் தயவில் அந்தப் பிள்ளைகள் கோட்டையில் ஐரோப்பிய வாத்தியக் குழுக்கள் வாசிப்பதைக் கேட்டார்கள். தம்பி பாலுசாமி வயலின் கற்றுக்கொண்டார். கர்நாடக இசைக்குள் வயலின் வந்த கதை இங்கே தொடங்குகிறது. அண்ணன் வேறொரு காரியம் செய்தார். கேட்ட மெட்டுகளை மாற்றாமல் எடுத்து, சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதிச் சேர்த்தார். இப்படிச் சுமார் நாற்பது உருப்படிகள் அவர் பெயரில் உள்ளன. நோட்டுஸ்வரம் என்று சொல்லி இன்றும் சங்கீதம் படிக்கும் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். அவற்றில் ‘சந்ததம் பாஹி மாம்’ என்று தொடங்கும் உருப்படியின் மெட்டு வேறெதுவுமல்ல, பிரிட்டிஷ் மன்னரைக் கடவுள் காக்கட்டும் என்று வேண்டும் அந்த நாட்டுப்பண்ணின் மெட்டுதான். மன்னர் இருந்த இடத்தில் தீட்சிதர் சங்கீத சியாமளா தேவியை உட்கார வைத்தார். மெட்டில் கை வைக்கவில்லை, ஆனால் பாட்டு யாரை நோக்கிப் பாடப்படுகிறதோ அந்த ஆளையே மாற்றிவிட்டார்.

இந்திய நாட்டுப்பண்ணைப் பற்றிய கண்காட்சியில் ஆண்டவர்களின் பாட்டுக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாட்டின் மெட்டு அந்த நாட்டுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட நல்ல சான்று இல்லை. லண்டன் நாடகக் கொட்டகைகளில் 1745இல் பிரபலமான அந்த மெட்டைப் பிரஷ்யா எடுத்துக்கொண்டது, ஜார் ஆண்ட ரஷ்யா 1833 வரை வைத்திருந்தது, லீக்டன்ஸ்டைன் இன்றும் வைத்திருக்கிறது. பிரிட்டனை எதிர்த்து விடுதலை பெற்ற அமெரிக்காவில்கூட அதே மெட்டில் ஒரு தேசபக்திப் பாட்டு உண்டு. அமெரிக்காவின் இன்றைய நாட்டுப்பண் 1931இல் சட்டப்படி ஏற்கப்பட்டது. அதன் மெட்டும் லண்டனில் இருந்த ஒரு கேளிக்கைச் சங்கத்தின் பாட்டிலிருந்து வந்ததுதான். ஆகவே மணலியில் நடந்ததை அடிமைப் புத்தி என்று தள்ளிவிடவும் முடியாது, மறைமுக விடுதலை உணர்வு என்று ஏற்றிச் சொல்லவும் சான்று இல்லை. நல்ல மெட்டு காதில் விழுந்தது, இசை தெரிந்த இளைஞர் அதை எடுத்துக்கொண்டார் என்பதுவரை சொன்னால் சரியாக இருக்கும். திருவொற்றியூருக்கு மேற்கே, பக்கிங்ஹாம் கால்வாயைத் தாண்டினால் வரும் ஊர் மணலி. திருவொற்றியூர் திரிபுரசுந்தரி மீது தியாகராஜர் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். சங்கீத மும்மூர்த்திகளில் இருவரின் தடம் பதிந்த இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, இசை வரலாறு பேசுகிறவர்கள் ஏன் மயிலாப்பூரோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது தனிக் கேள்வி.

ஜன கண மன பாட்டுக்கு வருவோம். ரவீந்திரநாத் தாகூர் வங்காளியில் எழுதிய இந்தப் பாட்டு ஐந்து பத்திகள் கொண்டது. 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் முதன்முதலாகப் பாடப்பட்டது. அதே மாதம்தான் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் இருந்தார். அவரை வரவேற்றும் அந்த மாநாட்டில் தீர்மானம் நிறைவேறியது, அவரைப் புகழும் இந்திப் பாட்டு ஒன்றும் பாடப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டு பாட்டுகளையும் குழப்பி, தாகூர் மன்னருக்காக எழுதியதாகச் செய்தி போட்டன. அந்தக் குழப்பம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக உயிரோடு இருக்கிறது. 1937இல் எழுதிய கடிதத்தில் தாகூரே அதை மறுத்திருக்கிறார்: மன்னரைப் புகழ்ந்து எழுதித் தரும்படி கேட்டவர் ஒருவர் இருந்தார், தாம் பாடியதோ காலங்காலமாக மனிதர்களின் விதியைச் செலுத்தும் தேரோட்டியை என்பது அவர் தந்த விளக்கத்தின் சாரம். பிறகு 1919இல் பாட்டு தெற்கே வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளியின் தியசாபிகல் கல்லூரியில் தாகூர் தங்கியபோது அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். கல்லூரி முதல்வரின் மனைவியும் இசை படித்தவருமான மார்கரெட் கசின்ஸ், பாட்டின் மெட்டை மேல்நாட்டு முறையில் சுரப்படுத்தினார். அயர்லாந்தில் பிறந்த இந்தப் பெண்மணி பிற்பாடு சென்னையிலேயே வாழ்ந்தவர். காதால் கேட்டுக் கற்ற பாட்டைத் தாளில் பார்த்து வாசிக்க முடிந்தது என்பது சின்ன விஷயமில்லை. எந்த நாட்டு வாத்தியக் குழுவும் வாசிக்கத் தக்க பாட்டாக அது மாறுவதற்கான முதல் படி அது.

அந்தப் படியின் அருமை 1947இல் தெரிந்தது. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச் சபைக் கூட்டத்தின்போது, ஒரு நிகழ்ச்சியில் வாசிப்பதற்காக உங்கள் நாட்டுப்பண்ணைக் கொடுங்கள் என்று இந்தியக் குழுவிடம் கேட்டார்கள். விடுதலை அடைந்து சில மாதங்களே ஆகியிருந்த நாட்டிடம் அப்படியொன்று இல்லை. குழுவிடம் ஜன கண மன இசைத்தட்டு ஒன்று இருந்தது. அதை வாத்தியக் குழுவுக்குக் கொடுத்தார்கள், அவர்கள் பழகி வாசித்தார்கள், பல நாட்டவர் பாராட்டினார்கள். 1948 ஆகஸ்ட் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு இதையெல்லாம் விவரித்தார். பழைய மன்னர் பாட்டைத் தொடர முடியாது, படைகளின் வாத்தியக் குழுக்களுக்கும் வெளிநாடுகளில் உள்ள நம் தூதரகங்களுக்கும் உடனே ஒரு மெட்டு தேவை, மாகாண ஆளுநர்களிடம் கருத்துக் கேட்டதில் மத்திய மாகாண ஆளுநர் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்றார். நாட்டுப்பண் என்பது சொற்களைவிட மெட்டுதான், அதைப் பாடுவதைவிட வாசிப்பதே அதிகம் என்பது அவர் வாதம். வந்தே மாதரத்தையும் வாத்தியக் குழு வாசிக்கத் தக்கதாக அமைக்க முடியும் என்று காட்ட மராட்டிய இசைக்கலைஞர் மாஸ்டர் கிருஷ்ணராவ் மிகவும் பாடுபட்டார், ஆனால் பலன் கிடைக்கவில்லை. ஜன கண மனவின் வாத்திய அமைப்பைச் செம்மை செய்தவர் ஹெர்பர்ட் முரில் என்ற ஆங்கிலேயர். கடைசியில் 1950 ஜனவரி 24 அன்று ராஜேந்திர பிரசாத் ஓர் அறிவிப்பைப் படித்தார்: ஜன கண மன நாட்டுப்பண், விடுதலைப் போரில் பங்கு கொண்ட வந்தே மாதரத்துக்கும் சமமான மதிப்பு. தீர்மானமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. தேவைப்பட்டால் அரசு சொற்களை மாற்றலாம் என்ற ஒரு வாசகமும் அந்த அறிவிப்பில் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. ஐந்து பத்திகளில் முதல் பத்தி மட்டும் எடுக்கப்பட்டது. நேரம் சுமார் 52 நொடி. முதலடியும் கடைசியடியும் மட்டும் வாசிக்கும் குறுவடிவம் சுமார் 20 நொடி.

இதையெல்லாம் பிரித்துக் காட்டினால் மரியாதை போய்விடாதா, கோயில் மூலவரைச் செதுக்கிய உளியைக் கொண்டுவந்து கருவறை வாசலில் வைப்பது போல ஆகாதா என்ற மறுப்பு எழும். வலுவான மறுப்பு இது, ஏனென்றால் நாட்டுப்பண்ணின் பலமே அதைக் கேட்கும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை என்பதில்தான் இருக்கிறது. ஆனால் நடந்ததைப் பார்த்தால் நிலைமை தலைகீழாக இருக்கிறது. ஆவணங்களை மூடி வைத்ததால் மரியாதை காப்பாற்றப்படவில்லை, வதந்திதான் வளர்ந்தது. 1911 மாநாட்டு நிகழ்ச்சி நிரல், மறுநாள் பத்திரிகைகள், 1937 கடிதம் ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்திருந்தால் ‘மன்னருக்கு எழுதிய பாட்டு’ என்ற பேச்சு இத்தனை தலைமுறை ஓடியிருக்காது. வந்தே மாதரத்திலும் அப்படியே. 1937 அக்டோபரில் காங்கிரஸ் செயற்குழு முதல் இரண்டு பத்திகளை மட்டும் பொது நிகழ்ச்சிகளில் பாடலாம் என்று முடிவெடுத்தது. பின்வரும் பத்திகளில் நாடு துர்க்கையாக வணங்கப்படுவதையும், பாட்டு இடம்பெற்ற ‘ஆனந்தமடம்’ நாவலின் சூழலையும் முஸ்லிம் தலைவர்கள் ஏற்க மறுத்ததே காரணம். அந்த முடிவு சரியா தவறா என்று 2025 டிசம்பரில்கூட நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் விவாதம் நடந்தது. விவாதிக்கட்டும். ஆனால் தீர்மான வாசகத்தைப் படித்துவிட்டு விவாதிப்பது ஒன்று, படிக்காமல் விவாதிப்பது இன்னொன்று. கண்காட்சியால் செய்ய முடிகிற உருப்படியான வேலை, அந்த வாசகத்தைப் படிக்கத் தருவதுதான்.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தின் பாயிரப் பாடலை, அரசு விழாக்களின் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாட வேண்டும் என்று 1970இல் மு. கருணாநிதி அரசு முடிவு செய்தது. முழுப் பாட்டும் எடுக்கப்படவில்லை. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் துளுவும் தமிழிலிருந்து வந்தவை என்றும், ஆரிய மொழியைப் போலத் தமிழ் வழக்கிழந்துவிடவில்லை என்றும் சொல்லும் பகுதி விடப்பட்டது. அண்டை மாநிலத்தவரும் கேட்கும் அரசு விழாவில் அது வேண்டாம் என்று நினைத்ததில் பிழையில்லை, கவிஞரின் பாட்டை வெட்டலாமா என்று கேட்பவர்களின் மனத்தாங்கலிலும் பொருள் இருக்கிறது. எம்.எஸ். விசுவநாதன் மோகன ராகத்தில், திசுர நடையில் மெட்டமைத்தார். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய ஒலிப்பதிவுதான் பல தலைமுறைகளின் காதில் நிற்கிறது. சினிமா இசையமைப்பாளரின் மெட்டு அரசுப் பாட்டுக்கு ஆகுமா என்று அன்று முகம் சுளித்திருக்கக்கூடியவர்களுக்கும் இன்று வேறு மெட்டில் அதை நினைத்துப் பார்க்க முடியாது. மெட்டு நிலைத்தால் அதை அமைத்தவர் மறைந்துபோகிறார், இது இந்தத் துறையின் விதி போலிருக்கிறது.

ஐம்பது ஆண்டுகளாக வழக்கமாக மட்டும் இருந்த மரியாதை எப்படி அரசாணையாக மாறுகிறது என்பதற்கும் இந்தப் பாட்டே எடுத்துக்காட்டு. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வாழ்த்துப் பாடல்தான், அதற்கு எழுந்து நிற்க வேண்டும் என்று எந்த ஆணையும் இல்லை என்றது. சில நாட்களில், டிசம்பர் 17 அன்று, தமிழ்நாடு அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்து ஆணை வெளியிட்டது. 55 நொடியில் பாட வேண்டும், முல்லைப்பாணியில் (மோகன ராகத்தில்) மூன்றன் நடையில் பாட வேண்டும், இசைத்தட்டை ஓடவிடாமல் பயிற்சி பெற்றவர்கள் வாயால் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்றெல்லாம் அதில் விவரம் இருந்தது. அடுத்த மாதமே, 2022 குடியரசு நாளில், துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தின்போது சிலர் எழுந்திருக்காமல் இருந்தது பெரிய சர்ச்சையானது. எழுந்திருக்காதவர்கள் நீதிமன்றத் தீர்ப்பைக் காரணம் காட்டினார்கள், ஆணை வந்திருப்பதை எதிர்த்தரப்பு காட்டியது, வங்கித் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. நாட்டுப்பண்ணிலும் இதே சிக்கல்கள் உண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டம், பாடுவதைத் தடுப்பதையும் பாடும் கூட்டத்தில் இடையூறு செய்வதையும்தான் குற்றமாக்கியது. எழுந்து நின்றும் மத நம்பிக்கை காரணமாகப் பாடாமல் இருந்த கேரள மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திரையரங்குகளில் கட்டாயம் ஒலிக்க வேண்டும் என்று 2016 நவம்பரில் ஆணையிட்ட அதே நீதிமன்றம், 2018 ஜனவரியில் அது கட்டாயமில்லை என்று திருத்திக்கொண்டது.

துறைமுகத்தின் வழியாகப் பார்த்தால் கதை இன்னும் விரிகிறது. இங்கிருந்து கப்பலேறிப் போன தமிழர்களும் அவர்களின் பிள்ளைகளும் எத்தனையோ நாட்டுப்பண்களுக்கு எழுந்து நின்றிருக்கிறார்கள். மலேயாவில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர்கள் பாடியது, தாகூர் பாட்டைத் தழுவி இந்துஸ்தானியில் எழுதப்பட்ட வேறொரு வடிவம். சிங்கப்பூரில் சுபிர் சைட் 1958இல் இசையமைத்த மலாய்ப் பாட்டு மறு ஆண்டு நாட்டுப்பண்ணானது. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பாட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு, ஆனால் பாடுவது மலாயில் மட்டும்தான். 2001இல் சாதாரணக் குரலுக்கும் எட்டட்டும் என்று சுருதியைக் குறைத்து வாத்திய அமைப்பை மாற்றினார்கள், நாடு ஒன்றும் ஆட்டம் காணவில்லை. இலங்கையின் கதைதான் வலிக்கிறது. சாந்திநிகேதனில் படித்த ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றிய சிங்களப் பாட்டு 1951இல் நாட்டுப்பண்ணாக ஏற்கப்பட்டது, மு. நல்லதம்பி அதைத் தமிழாக்கினார். இரண்டு பிரதமர்கள் இறந்ததற்குப் பாட்டின் தொடக்க எழுத்துகள் மங்கலமாக இல்லாததே காரணம் என்று சிலர் கிளப்பிவிட, 1961இல் முதல் சொற்கள் மாற்றப்பட்டன. சமரக்கோன் எதிர்த்தார், மறு ஆண்டு தம் உயிரை மாய்த்துக்கொண்டார். தமிழ் வடிவம் 2016 சுதந்திர நாளில் கொழும்பில் ஒலித்தது, 2020இல் நிறுத்தப்பட்டது. பாட்டைச் செய்கிறவர்கள் யார், அதை மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்வி கவிதை ரசனையோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு இதற்குமேல் சான்று தேவையில்லை.

இப்படியொரு கண்காட்சியை வடசென்னையோடு இணைக்க வேண்டுமா என்றால், பிரான்சின் துறைமுக நகரமான மார்சேயைப் பார்க்கலாம். பிரெஞ்சு நாட்டுப்பண் அங்கே எழுதப்படவில்லை. 1792 ஏப்ரலில், தொலைவில் இருந்த ஸ்ட்ராஸ்பூர் நகரில், ரூஜே த லீல் என்ற படை அதிகாரி எழுதினார். மார்சேயின் தொண்டர் படையினர் பாரிஸுக்கு நடந்து போகும்போது பாடிக்கொண்டே போனதால் அந்த ஊர்ப் பெயர் பாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. அவர்கள் கூடிய பழைய கட்டடத்தில் 2011இல் ஒரு நினைவகம் திறந்தார்கள். எழுதியவர் ஊரில் மட்டுமல்லாமல், எடுத்துச் சென்றவர்கள் ஊரிலும் வரலாற்றை வைக்கலாம் என்பதே அந்த நினைவகத்தின் அடிப்படை. அந்தக் கணக்கில் கோட்டையும் மணலியும் துறைமுகமும் சேர்ந்த இந்தப் பகுதிக்கு இந்தியாவில் வேறெந்த ஊருக்கும் இல்லாத உரிமை இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்தது 2023 டிசம்பரில்தானே, அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே, அங்கே கண்காட்சியா என்ற கேள்வி வரும், வரவும் வேண்டும். கண்காட்சி கழிமுகத்தைச் சுத்தம் செய்யாது. ஆனால் இந்தச் செலவை நிறுத்தினால் கழிமுகம் சுத்தமாகிவிடும் என்பதும் இல்லை, இரண்டும் வெவ்வேறு கணக்குப் புத்தகங்கள். நகரின் அருங்காட்சியகங்களும் சபாக்களும் தெற்கிலேயே குவிந்திருக்க, வடக்குக்குப் புகைபோக்கிகளை மட்டும் அடையாளமாக விட்டுவைத்ததும் ஒரு வகைப் பங்கீடுதான், அதை மாற்றக் கேட்பதில் தவறில்லை.

நடைமுறைச் சிக்கல்கள் உண்டு. கோட்டை அருங்காட்சியகம் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, எழும்பூர் அருங்காட்சியகம் மாநில அரசிடம் இருக்கிறது. ஒன்று நாட்டுப்பண்ணை மட்டும், மற்றொன்று தமிழ்த்தாய் வாழ்த்தை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் ஆபத்து பெரியது. எது முதலில், எது முடிவில் என்பதே சட்டமன்றத்தில் சண்டையாகியிருக்கும் நிலையில் இரண்டையும் ஒரே அறையில் வைக்கத் துணிச்சல் வேண்டும். இன்னொன்று, கேட்பதற்குச் சிறியது. அறையில் நாள் முழுவதும் நாட்டுப்பண் ஒலித்தால் பார்வையாளர்கள் நாள் முழுவதும் அசையாமல் நிற்க வேண்டுமா? செய்திப் படத்துக்குள்ளோ ஆவணப் படத்துக்குள்ளோ ஒரு பகுதியாக நாட்டுப்பண் வந்தால் பார்வையாளர்கள் எழுந்து நிற்க வேண்டியதில்லை, நின்றால் படம் பார்ப்பதுதான் கெடும் என்று உள்துறை அமைச்சகத்தின் ஆணைகளிலேயே இருக்கிறது. 1947 நியூயார்க் வாசிப்பு, முரிலின் அமைப்பு, இன்றைய 52 நொடி வடிவம் ஆகியவற்றைக் காதுகுழாய்களில் கொடுத்து, பக்கத்திலேயே அந்த ஆணையின் நகலையும் மாட்டிவைத்தால், வாசலில் நிற்கும் காவலருக்கும் குழப்பம் இராது.